கடன் கொப்பியும் கஷ்ட காலமும்

1970 முதல் 1977 வரை இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. சீனிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு. கிழக்கிலங்கையின் சில்லறைக் கடைக்காரர்கள் அக்காலத்தில் வாடிக்கையாளரை எப்படித் தக்கவைத்தார்கள் என்று மூத்தவர்களிடம் விசாரித்தேன். இரண்டு வழிகளைச் சொன்னார்கள்.

ஒன்று பங்கீடு. வந்த சாமானை ஒளிக்காமல், "ஆளுக்குக் கொஞ்சமா எடுங்க, எல்லாருக்கும் போகணும்" என்று கொடுப்பது. மற்றது கடன் கொப்பி. வேளாண்மை வெட்டியதும் கணக்குத் தீரும். 1977க்குப் பின் சந்தை திறந்து சாமான் குவிந்தபோதும், "இல்லாத நேரம் தந்த நானாட கடையை உடலாமா?" என்று சனம் அங்கேயே போனதாம்.

அண்மைய நெருக்கடி இந்த ஏற்பாட்டையே அசைத்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட, அடுத்த பெரும்போக விளைச்சல் சரிந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தது. பழைய கடன் முழுதாக வந்தாலும், அந்தக் காசுக்குப் பாதிச் சாமான்தான் திரும்ப வாங்கலாம். கொடுத்தால் முதல் கரையும். மறுத்தால் ஆள் போகும்.

நான் பார்த்த கடைகளில் தாக்குப்பிடித்தவர்கள் கொப்பியை மூடவில்லை. போகக் கடனைக் கிழமைக் கடனாகச் சுருக்கினார்கள். பருப்பை 100 கிராமாகவும் நிறுத்துக் கொடுத்தார்கள். வாங்கிய விலையைக் கேட்டவர்களுக்குக் காட்டினார்கள். தவணை மாறினாலும் பழைய பங்கீட்டு நேர்மை மாறவில்லை.

உங்கள் வீட்டில் பழைய கடைக் கொப்பி இருந்தால் எரித்துவிடாதீர்கள். யார் யாரைப் பட்டினியில் விடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.