தீர்வை யார் தலையில், வாக்கு யார் கையில்? வணிக மேம்பாட்டு வட்டாரங்களின் நிதியமைப்பு

1960களின் பிற்பகுதியில் டொராண்டோவின் புளோர் மேற்குத் தெருவில் கடை வைத்திருந்தவர்களுக்கு மத்தளம்போல் இரு பக்கமும் இடி. 1964இல் திறந்த யார்க்டேல் பேரங்காடி வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டது. டிராம் வண்டிக்கு மாற்றாக வந்த சுரங்க ரயில் 1968இல் அப்பகுதிக்கு நீண்டதும், மிச்சமிருந்தவர்களும் தரைக்கு அடியிலேயே கடைகளைக் கடந்து போனார்கள். தெருவைச் சீர்செய்ய விரும்பியவர் மட்டும் தரும் சந்தா போதவில்லை. விளக்குப் போட்டால் வெளிச்சம் சந்தா தராதவர் கடை வாசலிலும்தான் விழும். பிறகு எவர் தருவார்? எனவே கடைக்காரர்களே நகராட்சியிடம் போய், தங்கள் எல்லோர்மீதும் கட்டாயத் தீர்வை விதிக்கும்படி கேட்டார்கள். ஒன்டாரியோ மாகாணம் அதற்குச் சட்ட வழி செய்ய, 1970இல் உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் அங்கே உருவானது.

இன்று நியூயார்க் நகரில் மட்டும் 75க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் உண்டு. பிரிட்டனில் 300க்கும் மேல். எல்லை வகுத்த ஒரு வணிகப் பகுதி, அதற்குள் கூடுதல் தீர்வை, அதை வசூலித்து அப்படியே வட்டார நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் நகராட்சி, அந்தப் பணத்தில் துப்புரவு, காவல், விளக்கு, விழா, விளம்பரம் என்பதே எங்கும் பொதுவான ஏற்பாடு. நகராட்சி செய்யும் வேலைக்கு மேலதிகமாகச் செய்வது என்பது கொள்கை. நகராட்சி கைகழுவிய வேலையைச் செய்வதாக அது மாறிவிடுவதும் உண்டு. 'வணிகர்கள் தாங்களே விரும்பி ஏற்ற வரி' என்று இதைப் பாராட்டும் வழக்கமும் இருக்கிறது. அந்தப் பாராட்டில் வரும் 'தாங்களே' யாரைக் குறிக்கிறது என்பதே இங்கு என் கேள்வி. தீர்வையைச் சட்டப்படி செலுத்துபவர், உண்மையில் சுமப்பவர், வாக்களிப்பவர், பலனை அறுவடை செய்பவர் ஆகிய நால்வரும் பல இடங்களில் ஒருவரல்லர்.

இங்கிலாந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, தீர்வை பொதுவாகக் கட்டட உரிமையாளர்மீது அல்ல, இடத்தில் வணிகம் நடத்துபவர்மீது விழுகிறது. வணிக வரிக்காக மதிப்பிட்ட ஆண்டு வாடகை மதிப்பில் பெரும்பாலும் 1 முதல் 2 விழுக்காடு. விகிதம் 1.5 என்று கொண்டால், 20,000 பவுண்டு மதிப்புள்ள சிறுகடை ஆண்டுக்கு 300 பவுண்டும், 10 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பல்பொருள் அங்காடி 15,000 பவுண்டும் கட்டும். வாக்கெடுப்பில் இரண்டு எண்ணிக்கைகள். தலைக்கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும், வாடகை மதிப்புக் கணக்கிலும் வேண்டும். இரண்டாவது கணக்கில் அந்த ஒற்றை அங்காடி ஐம்பது சிறுகடைகளுக்குச் சமம். முதல் கணக்கில் அதற்கு ஒரே வாக்கு. ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் நிறைவேறாத இந்த இரட்டைப் பூட்டு நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவான வாக்குகள் மட்டுமே கணக்கில் சேரும். ஸ்காட்லாந்தில் உள்ளதுபோல் குறைந்தது 25 விழுக்காட்டினர் வாக்களிக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கிலாந்தில் இல்லை. நூலகம், அலுவலகம் முதலியவற்றை நடத்தும் நகராட்சியும் வரி கட்டுபவராக வாக்களிக்கலாம். முடிவு வந்தபின் எதிர்த்தவரும் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் வழக்கு. அதிகபட்சம் ஐந்தாண்டு, தொடர வேண்டுமானால் மறுபடி வாக்கெடுப்பு.

இதில் கட்டட உரிமையாளர் எங்கே? பெரும்பாலும் எங்கும் இல்லை. தெரு பொலிவு பெற்று வாடகை ஏறும்போது மட்டும் வருவார். வாடகைக்காரர்மீது விதித்த தீர்வை காலப்போக்கில் வாடகையைக் குறைத்து உரிமையாளர்மீதே போய்விடும் என்று பொருளியலார் சொல்வர். ஏட்டில் சரி. ஆனால் பிரிட்டிஷ் வணிகக் குத்தகைகளில் மறுஆய்வின்போது வாடகை ஏறலாம், இறங்கக் கூடாது என்ற விதி நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அந்த விதி இருக்கும்வரை பொருளியலாரின் சரிக்கட்டல் ஒரு திசையில்தான் நடக்கும்.

நியூயார்க்கில் ஏற்பாடு நேர் எதிர். அங்கே தீர்வை சொத்தின்மீது விழுகிறது. முகப்பின் நீளம், பரப்பு, மதிப்பீடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, நகர நிதித்துறை வசூலிக்கிறது. வட்டாரம் அமைய வாக்கெடுப்பு கிடையாது. உரிமையாளர்களில் 51 விழுக்காட்டினர், அல்லது மதிப்பீட்டில் 51 விழுக்காட்டுக்கு உரியவர்கள், குறித்த நாளுக்குள் எழுத்தில் எதிர்த்தால் மட்டுமே அது நிற்கும். மௌனம் சம்மதமாகிவிடுகிறது. நிர்வாகக் குழுவில் உரிமையாளர்களுக்குப் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்தில் இந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், ஆளுக்கொரு வாக்கு என்ற நெறி இத்தகைய குறுகிய நோக்கமுள்ள அமைப்புக்குப் பொருந்தாது, அதன் விளைவு முதன்மையாக உரிமையாளர்களையே தொடுகிறது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பு குத்தகைப் பத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டது என்பதே என் கருத்து. சொத்து வரியும் அதனோடு சேர்ந்த தீர்வையும் வாடகைக்காரரின் பங்கு என்று எழுதிவைப்பது அமெரிக்கக் கடைக் குத்தகைகளில் சர்வசாதாரணம். ரசீது உரிமையாளர் பெயரில், பணம் கடைக்காரர் கல்லாவிலிருந்து.

பலன் எங்கே சேர்கிறது என்பதற்குச் சான்று உண்டு. எலன், ஷ்வார்ட்ஸ், வோய்கு ஆகியோர் நியூயார்க் குறித்துச் செய்த ஆய்வில், வட்டாரங்களுக்குள் வணிகச் சொத்துகளின் விலை, ஒப்பிடத்தக்க இடங்களைவிடச் சுமார் 15 விழுக்காடு கூடுதலாக உயர்ந்திருந்தது. அந்த ஏற்றம் பெரிய அலுவலக வட்டாரங்களில் குவிந்திருந்தது. சிறு கடைத்தெருக்களில் அப்படித் தெரியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் வட்டாரங்கள் குற்றத்தைக் குறைத்தன என்று லியா புரூக்ஸ் காட்டியுள்ளார். அதை மறுக்கத் தேவையில்லை. தெரு பாதுகாப்பானால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அந்த நன்மை விலையாக மாறும்போது மண்ணுக்கு உரியவரிடம் போய்ச் சேர்கிறது.

உரிமையாளர் நிலைத்திருப்பவர், வாடகைக்காரர் வந்து போகிறவர். ஆகவே நீண்டகால முதலீட்டை முன்னவரிடம் விடுவதே மேல் என்பது வலுவான எதிர்வாதம். நடைபாதையைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளுக்கு அதை ஏற்கலாம். ஆண்டுதோறும் பெருக்குவதற்கும் விழா விளக்குக்கும் ஆகும் செலவில் அந்த வாதம் நிற்பதில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க, முதலில் தொடங்கிய ஒன்டாரியோவில்தான் ஒரு வழி தெரிகிறது. அங்கே 2001ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டப்படி வணிகச் சொத்தின் உரிமையாளரும் உறுப்பினர், அதில் வாடகைக்கு இருப்பவரும் உறுப்பினர். எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. புதிய வட்டாரம் பற்றிய அறிவிப்பு உரிமையாளருக்கு வந்தால், வரியில் பங்கு செலுத்தும் ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் அதன் படியை 30 நாளுக்குள் அவர் தர வேண்டும். யார் எவ்வளவு பங்கு கட்டுகிறார் என்ற பட்டியலை நகராட்சி எழுத்தரிடமும் கொடுக்க வேண்டும். குத்தகைப் பத்திரத்துக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரும் இந்தச் சிறு பிரிவு, நியூயார்க் தீர்ப்பின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்குகிறது. உரிமையாளர் பட்டியல் தராமல் இழுத்தடித்தால் இதுவும் வலுவிழக்கும் என்பது உண்மை. எனவே பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை நகராட்சியே ஏற்பது நல்லது. புதிதாகச் சட்டம் இயற்றும் நாடுகள் நியூயார்க்கின் பளபளப்பைப் பார்த்து அதன் விதிகளைப் படியெடுக்காமல், ஒன்டாரியோவின் இந்தப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும்.