திறந்த கதவும் உரிய காவலும்: கோப்பு அனுமதியின் வரலாறு

கொல்கத்தாவின் வடக்கே, பராக்பூர் பெருஞ்சாலையில் அமைந்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1956ஆம் ஆண்டு ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. பி.சி. மகலனோபிஸ் தலைமையேற்றிருந்த அந்நிறுவனத்துக்குப் பிரிட்டனிலிருந்து வந்த இதுவே இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியாகக் கருதப்படுகிறது. அதன் நினைவகம் 1,024 சொற்களைத் தாங்கும் காந்த உருளை ஒன்றே. அக்கணினியில் 'இக்கோப்பு யாருடையது?' என்னும் வினா எழவே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கணக்கீடு. அது முடிந்த பின்னரே அடுத்தது. அனுமதி என்பது இயந்திரத்துக்குள் இல்லை. அது வைக்கப்பட்டிருந்த அறையின் வாயிலில் இருந்தது.

பலர் ஒரே நேரத்தில் ஒரே கணினியைப் பகிரத் தொடங்கியபோதுதான் அவ்வினா பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961இல் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகளும் கடவுச்சொல்லும் தரப்பட்டன. தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர், 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியே கோரினார்; கணினியும் அச்சிட்டுக் கொடுத்தது. கேட்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டா என்று கணினி ஆராயவில்லை. 1966இல் மற்றொன்று நேர்ந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரு வேறு கோப்புகளைத் திருத்தினர். திருத்தி நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியது. விளைவாக, உள்நுழைந்தோர் அனைவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. இங்கே கள்வர் எவரும் இல்லை. பொதுவிடம் ஒன்றில் இன்னது இன்னாருடையது என்னும் வரையறை இல்லாமையே பிழை.

இவ்வனுபவங்களுக்குப் பின்னர் உருவானது யூனிக்ஸ். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய அதன் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3 என்னும் நாளிட்டது. உரிமையாளரை மாற்றும் கட்டளையும் அனுமதியை மாற்றும் கட்டளையும் அதிலேயே தனித்தனியாக இடம்பெற்றன. உரிமை வேறு, அனுமதி வேறு என்னும் பகுப்பு இதனால் நிலைபெற்றது. அன்று இருந்தவை 'உரிமையாளர்', 'பிறர்' என்னும் இரு வகுப்புகளே; 'குழு' பிற்காலச் சேர்க்கை. இன்றும் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என மூன்று எண்களின் கூட்டலால் மூன்று வகுப்பினருக்கும் அனுமதி குறிக்கப்படுகிறது. 644 எனில் உரிமையாளர் எழுதலாம்; ஏனையோர் படிக்க மட்டுமே இயலும். 777 எனில் கணினியில் கணக்குள்ள எவரும் எதையும் செய்யலாம்.

1990களில் இணைய வழங்கிகள் பெருகியபோது இப்பகுப்புக்குப் புதுப்பொருள் கிடைத்தது. பக்கத்தை உலகுக்கு எடுத்துத் தரும் நிரல், அப்பக்கத்தின் உரிமையாளராக இருத்தல் ஆகாது. தொடக்ககால வழங்கிகள் பலவற்றில் அந்நிரல் இயங்கிய கணக்கின் பெயரே 'நோபடி', அதாவது 'யாருமில்லாதவர்'. நிரலின் ஓட்டை வழியே ஒருவன் புகுந்தாலும் அவனுக்கு அந்த யாருமில்லாதவரின் வலிமையே வாய்க்க வேண்டும் என்பது இதன் கருத்து. நூலை எடுத்துத் தரும் பணியாளருக்கு அதன் பக்கத்தைத் திருத்தும் எழுதுகோல் தேவையில்லை அன்றோ!

இது பொறியாளர் கவலை மட்டுமன்று. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013இல் 'பிசித்ரா' என்னும் தாகூர் படைப்புத் தொகுப்பை இணையத்தில் வெளியிட்டது. பேராசிரியர் சுகந்த சௌதுரி ஒருங்கிணைத்த அப்பணியில் கையெழுத்துப் பிரதிகளும் அச்சுப் பிரதிகளுமாக ஏறத்தாழ 1,40,000 பக்கங்கள் உள்ளன. ஒரே படைப்பின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிடும் வசதியும் உண்டு. இத்தகைய தொகுப்பின் பயன் எவரும் படிக்கலாம் என்பதில் இருக்கிறது. அதன் நம்பகமோ எவரும் திருத்த இயலாது என்பதில் இருக்கிறது. பாடபேதத்தை ஆராய்பவருக்கு முன்னுள்ள சொல், கவிஞர் எழுதியதா, வழங்கியில் எவரோ மாற்றியதா என்னும் ஐயம் எழுந்தால் ஒப்பீடு முழுவதும் வீணாகும்.

நம் துறைகளில் ஓலைச்சுவடிகளையும் பழைய இதழ்களையும் இணையத்தில் ஏற்றுவோர், ஏதேனும் பிழைச்செய்தி வந்தவுடன் அனைத்துக்கும் 777 தந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்போம். பிழைச்செய்தி மறையும், அதனுடன் பாடத்துக்கான பொறுப்பும் மறையும். அவ்வாறு செய்வோர் இதைத் திறந்த அணுக்கம் என்று எண்ணிவிடுதல் கூடாது. திறந்த அணுக்கத்துக்குப் படிக்கும் அனுமதி ஒன்றே போதும்.

மற்றொன்றும் நினைவில் இருத்தற்குரியது. யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை நீக்கும் உரிமை அக்கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று. அது அமைந்த அடைவில் எழுதும் அனுமதியைப் பொறுத்தது. படிக்க மட்டுமே எனப் பூட்டிய கோப்பையும், அடைவு திறந்திருந்தால், பிறர் நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். எனவே தொகுப்பொன்றை உருவாக்கும் மாணவர்கள் முதல்நாளிலேயே மூன்றை எழுதிவைத்தல் நலம்: கோப்புகளின் உரிமையாளர் யார், வழங்கி நிரல் எந்தக் கணக்கில் இயங்குகிறது, அடைவில் எழுதத்தக்கவர் யார்.