சுற்றவாளி என்று சொல்லத் தெரியாமல் போனவர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளை சின்ன வழக்கொன்றில் மாட்டிக்கொண்டால் பெரியவர்கள் சொல்லும் முதல் புத்தி எல்லோருக்கும் தெரியும். "ஒத்துக்கிட்டு தண்டத்தக் கட்டிட்டு வந்துரு மகன். வழக்கு வழக்குன்னு அலைய ஏலாது." அன்பினால் சொல்வதுதான், குறை சொல்வதற்கில்லை. ஒரு நாள் கூலி, ஆட்டோக் காசு, சட்டத்தரணிக்குக் காசு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் தண்டப்பணம் மலிவாகத்தான் தெரியும். ஆனால் நாலைந்து வருடம் கழித்து கட்டாருக்கோ சவூதிக்கோ போக பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கப் போகும்போது அந்தத் தீர்ப்பு எழுந்து நிற்கிறது. "நான் அன்று அந்த இடத்திலேயே இல்ல சேர்" என்று பழைய மாணவர்கள் வந்து சொல்லும்போது எங்களிடம் பதில் இல்லை. இல்லாத இடத்தில் செய்யாத குற்றத்தை நீதவான் முன்னால் ஒப்புக்கொண்டாயிற்றே.

நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல, வரலாறு படிப்பிக்கிறவர்கள். இந்த நாட்டில் சின்ன வழக்கு என்பது எப்படிப்பட்ட பெரிய ஆயுதமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லத் தெரியும்.

கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைப் பக்கத்து ஆட்கள் தோட்டங்களைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பீர்கள். கோப்பிக் காலத்தில், அதாவது 1830களுக்குப் பிறகு, தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். கங்காணி முற்பணம் கொடுத்துக் கூட்டி வருவார். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தலையில் கடன். அவர்கள் அடிமைகள் அல்ல, சட்டப்படி மாத ஒப்பந்தக்காரர்கள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் போகலாம் என்றுதான் சட்டப் புத்தகம் சொன்னது.

ஆனால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் இன்னொன்றையும் சொன்னது. அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். கவனியுங்கள், கடன் பிணக்கோ ஒப்பந்தப் பிணக்கோ அல்ல, குற்றம்.  கூலியாள் மீறினால் பொலிஸ் நீதிமன்றம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது தண்டம். அவரை ஆசை காட்டி வேறு தோட்டத்துக்கு இழுப்பவருக்கும் தண்டனை உண்டு. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட கூலியாளுக்குச் சிறைக்கதவு திறந்திருந்தது. (கையொப்பம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். பெரும்பாலும் வாய்மொழி ஒப்பந்தம்தான்.)

முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் 'துண்டு' வருகிறது. எங்கள் தமிழ்ச் சொல்தான். ஆங்கிலேயருடைய பதிவுகளிலும் அப்படியே துண்டு என்றே எழுதியிருக்கிறார்கள். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதத் துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார், கடன் ஆட்களோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். துண்டு இல்லாதவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். ஆகவே சட்டம் போகலாம் என்றது, துண்டு போக விடவில்லை. தாங்க முடியாமல் இரவோடு இரவாகப் போனவர் குற்றவாளி ஆனார்.

இனி நாங்கள் சொல்ல வந்த இடம். இந்தக் கொடுமையான சட்டத்துக்கு உள்ளேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. தோட்டங்களில் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி கிடப்பது அக்காலத்தில் சாதாரண விஷயம். சட்டம் குறித்த காலத்துக்கு மேல் சம்பளம் பாக்கி இருந்தால், விட்டுப் போனவரைத் தண்டிக்க முடியாது. 1889 ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்றது. அப்படியென்றால் கூண்டில் நின்றவர்களில் பலர் "ஐயா, எனக்கு இத்தனை மாதச் சம்பளம் வரவில்லை" என்ற ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் போதும், வழக்கின் போக்கே மாறியிருக்கும்.

அந்த வசனத்தை யார் சொல்லிக் கொடுப்பது? சட்டம் ஆங்கிலத்தில். நீதிமன்றம் ஆங்கிலத்தில். சட்டத்தரணி பிடிக்கக் காசில்லை. கணக்குப் புத்தகம் துரையின் அலுவலகத்தில். நீதவானோ பல இடங்களில் சிவில் சேவையிலிருந்து வந்த இளம் வெள்ளைக்காரர். கூண்டில் நிற்பவருக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான். நீ போனாயா? போனேன். ஓடியது உண்மைதானே என்று ஒப்புக்கொண்டார். ஓடியது உண்மை. குற்றம் என்பது வேறு விஷயம், அது நிரூபிக்கப்பட வேண்டியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தை வகுப்பில் படிப்பிக்கும்போது நாங்கள் கொஞ்சம் நின்றுதான் போவோம். ஏனென்றால் இன்றும் எங்கள் பிள்ளைகள் செய்வது இதைத்தான். "கைகலப்பு நடந்ததா? நடந்தது." அதோடு ஒப்புக்கொண்டதாக நினைத்துவிடுகிறார்கள். யார் முதலில் அடித்தது, தன்னைக் காப்பாற்றத் தடுத்ததா, அடித்தது இவரா அல்லது பக்கத்தில் நின்றவரா என்ற கேள்விகள் வாயைத் திறக்காமலே செத்துப் போகின்றன.

அக்கால நீதவான்களில் மனச்சாட்சி உள்ளவர்களும் இருந்தார்கள். லெனாட் வூல்ப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், வழக்குகளையும் விசாரித்தவர். நாடு திரும்பி 1913 இல் அவர் எழுதிய நாவலைத்தான் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பின்னர் பெத்தேகம என்று படமாக்கினார். (அந்தப் படத்தில் வெள்ளைக்கார நீதவானாக வருபவர் விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள்.) காட்டுக் கிராமத்து ஏழைகள் இருவர் மீது பொய்த் திருட்டு வழக்கு. சாட்சிகளிடம் கேள்வி கேட்கச் சொன்னால் அவர்களுக்கு என்ன கேட்பதென்றே தெரியாது. இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நீதவானுக்கும் படுகிறது, ஆனால் முன்னால் இருக்கும் சாட்சியத்தை வைத்து ஒருவரை உள்ளே அனுப்புகிறார். போனவர் திரும்பி வரவில்லை. கதைதான், ஆனால் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதிய கதை. நல்ல நீதவானாக இருந்தாலும் எதிரி பேசாவிட்டால் அவருக்கும் வழியில்லை என்பதே நாங்கள் அதில் படித்தது.

தோட்டச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை ஒழிக்க வேண்டும் என்று சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் வருடக்கணக்கில் போராடினார்கள். 1919 இல் அவர் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை ஆரம்பித்தார். இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்தது. 1921 இல் துண்டு முறை ஒழிந்தது. 1865 இலிருந்து எண்ணினால் 56 வருடங்கள்.

இன்று நிலைமை அப்படியல்ல. அதனால்தான் தெரியாமல் இருப்பது இன்னும் கவலையாக இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை கைது செய்யும்போது காரணம் சொல்ல வேண்டும் என்கிறது, குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்கிறது, சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. 24 ஆவது உறுப்புரையை எங்கள் ஆட்கள் அநேகமாகக் கேள்விப்பட்டதே இல்லை. சிங்களத்தில் நடக்கும் நீதிமன்றத்தில் விளங்காவிட்டால் தமிழில் மொழிபெயர்த்துத் தர வேண்டியது அரசின் பொறுப்பு. விளங்காமல் தலையை ஆட்டுவதை விட "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பொலிஸில் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, சொல்லிவிட்டது. அதனால் "ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டேனே, இனி என்ன" என்பது பிழையான பயம். நீதிமன்றத்தில் சொல்வதுதான் கணக்கு.

அந்த இடத்தில் குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். சுற்றவாளி என்பது நீதிமன்றத்துக்கு வெளியே யாரும் பேசாத சொல். முதல் தடவை கேட்கும் பிள்ளைக்கு அது குற்றவாளி போலவே காதில் விழும். நான் குற்றம் செய்யவில்லை என்பதே அதன் அர்த்தம். இதை ஓ.எல் வகுப்பில் ஒரு தடவை கரும்பலகையில் எழுதினோம். முப்பது பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொண்டால் பிறகு மேன்முறையீடு சட்டப் பிரச்சினைக்கு மட்டுமே. நடந்தது வேறு என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. உண்மையாகவே செய்தவர் ஒப்புக்கொள்வது நல்லதுதான், அதை மறைக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. அப்போதும் ஒரு வழி இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 306 ஆவது பிரிவு. வயது, முன்னைய நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து குற்றத்தீர்ப்பு அளிக்காமலே விடுவிக்கும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு. கேட்காதவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. கேட்பதற்கு ஒரு சட்டத்தரணி வேண்டும். காசில்லாதவர்களுக்கு 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, பல நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே அலுவலகம் உண்டு. வருமானத்தைக் கேட்பார்கள், கிராம சேவகரின் கடிதத்தையும் கொண்டு போங்கள். அயல் வீட்டுச் சண்டை மாதிரியான வழக்குகள் சில மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்கே தீர்ந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

பிணையில் வந்தவர்கள் தவணைத் திகதியை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அன்று கல்யாண வீடோ பெருநாள் வியாபாரமோ என்று போகாமல் விட்டால் பிடியாணை வரும், பிறகு சின்ன வழக்கு விளக்கமறியலில் போய் நிற்கும். வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், முறைப்பாட்டுத் திகதி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள்.