கோடு காத்த ஓவியம்

பெருநகரிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் வழியருகே மாமண்டூர்க் குடைவரைகள் உள்ளன. அங்குள்ள மகேந்திரவர்மன் காலத்து வடமொழிக் கல்வெட்டு பெரிதும் சிதைந்துவிட்டது. ஆயினும் ‘தட்சிணசித்திரம்’ என்னும் பெயர் அதில் காணப்படுகிறது. அதனை ஓவியம் பற்றிய உரைநூலொன்றின் பெயராக அறிஞர் கருதுவர். ‘சித்திரகாரப்புலி’ என விருதுபூண்ட வேந்தனுக்கு அது பொருந்துவதே.

உறையும் இடத்தின் உட்புறத்தைக் கையால் எழுதி அணிசெய்யும் வழக்கம் பல்லவர்க்கும் முற்பட்டது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரசியின் பள்ளியறையில், செம்பையொத்த நெடுஞ்சுவர் மீது பல பூக்களையுடைய கொடியொன்று வளைந்து படர்கிறது. கட்டிலுக்கு மேலே மெழுகூட்டிய துணி விதானம். அதில் ஞாயிறும், உரோகிணியைப் பிரியாத திங்களும் எழுதப்பெற்றுள்ளன. போர்ப்பாசறையில் இருக்கும் கணவனை எண்ணி வாடும் அரசி அவ்வோவியத்தை நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அறையின் அணி அங்கே அவள் துயரைப் பேசுகிறது. இஃது புலவர் கற்பனையே எனினும், காணாத வழக்கொன்றை அவர் பாடினார் என்று கொள்வதற்கில்லை. சித்திரமாடத்தில் துஞ்சியதனாலேயே பெயர்பெற்ற பாண்டியன் நன்மாறனும் இருந்தானல்லவா?

அம்மாடங்களுள் ஒன்றேனும் இன்றில்லை. ஆகவே, அக்கலையின் பழஞ்சுவடுகளைக் கற்றளிகளின் அகத்தேதான் தேட வேண்டியுள்ளது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில், திருச்சுற்றைச் சூழ்ந்து 58 சிறு கோயில்கள் அமைந்துள்ளன. ஒருவர் நின்றால் சுவர் கைக்கெட்டும் அளவினவே இவை. பிற்காலச் சுண்ணப் பூச்சின்கீழ் மறைந்து கிடந்த பல்லவர் ஓவியங்களைப் புதுச்சேரியில் பேராசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1931இல் இங்குக் கண்டறிந்தார். வெள்ளையடித்தவர்களைப் பழிப்பது வழக்கம். சிற்சில இடங்களில் அப்பூச்சே போர்வையாய் நின்று காத்தது என்றும் சொல்லத் தோன்றுகிறது.

சுவரில் சுண்ணச்சாந்து பூசி, வழவழப்பாக்கி, காவிக்கோட்டால் உருவெழுதி, அதன்பின் வண்ணம் நிரப்புவது அக்கால முறை. நூற்றாண்டுகளின் ஈரமும் வெயிலும் முதலில் கவர்ந்தது வண்ணத்தையே. சோமாஸ்கந்தர் எழுதப்பெற்ற அறையில் இன்று நிறம் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆயினும் இறைவனும் உமையும் இடையே குழந்தை முருகனும் இன்னாரென அறியக் கிடப்பதற்குக் காரணம் ஓவியன் முதலில் இழுத்த கோடே. நிறத்தால் மூடப்பட வேண்டியதாயிருந்த அக்கோடு, இன்று தானே ஓவியமாய் நிற்கிறது. அருகிலுள்ள அறைகள் பலவற்றிலோ சாந்தும் உதிர்ந்து வெறுங்கல்லே தெரிகிறது.