ராமானுஜனின் வரவு செலவு: சென்னையும் கேம்பிரிட்ஜும்

கணித மேதை ராமானுஜன் என்றதும் எல்லோரும் சூத்திரங்களைத்தான் பேசுவார்கள். அவருடைய வருமானக் கணக்கைப் பார்ப்பவர்கள் குறைவு.

1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 75 ரூபாய். ஜார்ஜ் டவுனில் இருந்த குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபோனது.

1914 மார்ச் 17 அன்று அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதில் 50 பவுண்டு ஊரில் குடும்பத்துக்கு. டிரினிட்டி கல்லூரியும் 60 பவுண்டு கொடுத்தது. ஆக அவர் கைக்கு 260 பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு 15 ரூபாய். கணக்குப் போட்டால் மாதம் 325 ரூபாய். திருவல்லிக்கேணியில் வாங்கியதைப் போல் நாலு மடங்குக்கும் மேல்!

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சென்னையில் சாதமும் குழம்பும் வீட்டில் தானாக நடந்த காரியம். கேம்பிரிட்ஜில் அதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. சுத்த சைவரான அவர் கல்லூரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. பால், பழத்தோடு காலம் தள்ளினார். சாமான்களை ஊரிலிருந்து வரவழைத்துத் தானே சமைத்துக்கொண்டார். அதற்குள் போர் வந்துவிட்டது. 1918-க்குள் இங்கிலாந்தில் உணவு விலை இரண்டு மடங்காகி, ரேஷனும் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அவர் பணம் மிச்சம் பிடித்தார் என்பதுதான் ஆச்சரியம். சிக்கனம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு வேண்டியது அந்த ஊர்க் கடையில் இல்லை.

1917-ல் உடல்நிலை மோசமானது. காசநோய் என்று மருத்துவம் செய்தார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஒரு மறு ஆய்வு சொன்னது.

1919 ஜனவரியில், ஊர் திரும்பும் முன், சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடி ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. ராமானுஜன் பதில் எழுதினார்: 50 பவுண்டைப் பெற்றோருக்குக் கொடுங்கள், தன் அவசியச் செலவு போக மீதியை ஏழை மாணவர்கள், அநாதைகளின் படிப்புக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுங்கள்.

பெற்றோருக்கு அவர் ஒதுக்கியது 1914-ல் ஒதுக்கிய அதே 50 பவுண்டு. ஆனால் இதற்குள் ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்னியிலிருந்து 1 ஷில்லிங் 6 பென்னியாக ஏறியிருந்தது. 1914-ல் மாதம் 62 ரூபாய்க்கு மேல் வந்த அதே தொகை, இப்போது 55 ரூபாய்தான். சென்னையில் அரிசி விலை ஏறி, 1918 செப்டம்பரில் கடைகள் சூறையாடப்பட்டிருந்தன. ஐந்து வருடம் ஊரில் இல்லாதவர் மனதில் பழைய விலைவாசியே இருந்திருக்க வேண்டும்.

1919 மார்ச் 27 அன்று பம்பாயில் கரை இறங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.