உடனிகழ் பொருள்நோக்கு நிரலாக்கம்

ஒரே வேளையில் பல பணிகள் நடக்கும் மென்பொருளை, தரவும் அதைக் கையாளும் செயல்களும் ஒன்றாய் அமைந்த பொருள்களாகப் பகுத்து வடிவமைக்கும் முறை. இரண்டு பணிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றினால் விடை பிழைபடலாம். அந்தத் தரவைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

தோற்றம்

ஆஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67, நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் பாவித்துப் பார்ப்பதற்கான மொழி. வகுப்பு (ஒத்த பொருள்களுக்கான வார்ப்பு), மரபுரிமை (ஒரு வகுப்பின் தரவையும் செயல்களையும் அதன் துணைவகுப்பு பெறுவது) ஆகிய கருத்துகள் இதில்தான் உருப்பெற்றன. இதன் பொருள்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு மாறிமாறி இயங்கவும் செய்தன. ஆகவே பொருள்நோக்கும் உடனிகழ்வும் தொடக்கத்திலேயே சேர்ந்திருந்தவை.

இரு வழிகள்

சிமுலாவின் வகுப்பிலிருந்து பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் பொதுத் தரவைத் தன்னுள் காக்கும் ‘மானிட்டர்’ என்ற அமைப்பை வளர்த்தெடுத்தனர். அதனுள் ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே நுழையலாம். பிரிஞ்ச் ஹான்சனின் கன்கரன்ட் பாஸ்கல் (1975) இவ்விதி மீறப்படாததை, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியைக் கொண்டே உறுதிசெய்தது.

கார்ல் ஹியூவிட், பீட்டர் பிஷப், ரிச்சர்ட் ஸ்டைகர் மூவரும் 1973இல் முன்வைத்த ‘ஆக்டர்’ மாதிரி வேறு வழியில் சென்றது. இதில் பொதுத் தரவே கிடையாது; ஆக்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியே வேலை செய்யும். குல் ஆகாவின் 1986ஆம் ஆண்டு நூல் இதற்கு உறுதியான கோட்பாட்டு அடித்தளம் இட்டது.

மரபுரிமைச் சிக்கல்

சடோஷி மட்சுவோகா, அகினோரி யோனெசாவா இருவரும் 1993இல் விளக்கிய சிக்கல் இது. காலியாக இருந்தால் எடுப்பவரையும் நிரம்பியிருந்தால் போடுபவரையும் காக்கவைக்கும் ஒரு தரவுக் கிடங்கு இருப்பதாகக் கொள்வோம். ‘ஒரே தடவையில் இரண்டை எடு’ என்ற செயலைத் துணைவகுப்பில் சேர்த்தால், ‘ஒன்று மட்டும் மீதி’ என்னும் நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டிவரும். காத்திருப்பு விதிகள் செயல்களோடு பின்னிக் கிடக்கும் மொழியில், இதற்காகப் பழைய செயல்களையும் திருத்தி எழுத நேரும். மரபுரிமையின் பயனே அங்கு கெட்டுவிடுகிறது.

ஜாவாவும் பிறகும்

1996இல் வெளியான ஜாவா, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டைத் தந்தது. ஆனால் அதைப் பயன்படுத்துவதை நிரலர் விருப்பத்துக்கு விட்டது. தொகுப்பி காவல் நிற்காத இந்தப் போக்கை 1999இல் பிரிஞ்ச் ஹான்சன் கடுமையாகக் கண்டித்தார். டக் லீ முன்னின்று உருவாக்கிய, 2004இல் ஜாவா 5உடன் வந்த உடனிகழ்வு நூலகம், நிரலர்களுக்குத் தேர்ந்த கருவிகளை வழங்கியது. 2021இல் ஸ்விஃப்ட் 5.5 ஆக்டரை மொழிக்குள்ளேயே சேர்த்து, அதன் தரவை வெளியிலிருந்து நேரடியாக மாற்ற முயலும் நிரலைத் தொகுப்பியே மறுக்கும்படி செய்தது. கன்கரன்ட் பாஸ்கல் வலியுறுத்திய காவல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் பரவலாகப் பயன்படும் ஒரு மொழியில் நடைமுறைக்கு வந்தது.