ஹெச் எங்கே போச்சு?

பிளஸ் ஒன் கணக்கு வகுப்பைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. உயரமான கட்டடத்திலிருந்து ஒரு கல் விழுது. எத்தனை விநாடி ஆச்சோ, அதன் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கினால், விழுந்த தூரம் சுமாரா மீட்டரில் வரும். சரி, 2 விநாடி முடியுற அந்தக் கணத்துல வேகம் என்ன?

ஹெச்னு ஒரு குட்டி நேரத்தைக் கூடுதலா எடுத்துக்கிறோம். அதுக்குள்ள விழுற தூரம் 20 ஹெச் பிளஸ் 5 ஹெச் ஸ்கொயர். ஹெச்சால வகுத்தா 20 பிளஸ் 5 ஹெச். உடனே ஹெச்சை பூஜ்யமாக்குறோம். விடை, விநாடிக்கு 20 மீட்டர்.

ஒரு நிமிஷம்! ஹெச் பூஜ்யம்னா அதால எப்படி வகுத்தோம்? பூஜ்யம் இல்லைன்னா எப்படித் தூக்கிப் போட்டோம்?

1734-ல் இதையேதான் கேட்டார் அயர்லாந்து பிஷப் ஜார்ஜ் பெர்க்லி. நியூட்டன் இறந்து 7 வருஷம்தான் ஆகியிருந்தது. விடை தப்புன்னு அவர் சொல்லலை. 'மத நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்கிற நீங்க, இதை மட்டும் எப்படி நம்புறீங்க?' என்பதுதான் அவர் வாதம்.

முழுமையான பதிலுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. 1820-களில் பாரிஸில் கோஷி, 'லிமிட்' என்ற கருத்தை அடித்தளமாக்கினார். ஹெச் பூஜ்யமாக வேண்டியதே இல்லை. அது சுருங்கச் சுருங்க, விடை 20-ஐ எவ்வளவு வேணும்னாலும் நெருங்கும். பிறகு ஜெர்மனியின் வயர்ஸ்ட்ராஸ் அதை இன்னும் இறுக்கினார்.

அதனால, டெரிவேட்டிவ் போடும்போது இந்தச் சந்தேகம் வந்தா கூச்சப்படாதீங்க. ஐரோப்பாவின் பெரிய மூளைகளையே 90 வருஷம் திணறடிச்ச கேள்வி அது!